குழுவிற் பிறக்கும் குரல்

எழுத்துக்களின் பிறப்பைக் கூறப் புகுந்த தொல்காப்பியர், உந்தியில் எழுகின்ற காற்றானது நெஞ்சு, மிடறு, தலை என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலாலே வெவ்வேறு ஒலியாகப் பிறக்கும் என்றார். ஒலி பிறக்கும் முறை அதுவே. ஆயினும், உந்தியில் எழுந்த காற்று மிடற்றளவில் வந்து, வாய் திறக்க அஞ்சி, அங்கேயே அடங்கிவிடும் பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு உளர். ஆசிரியத் தொழில் புரிவோர் யாவரும் இதனை அறிவர். அப் பிள்ளைக்கு விடை தெரிந்திருக்கும். எழுதச் சொன்னால் பிழையற எழுதும். எழுந்து நின்று சொல் என்றாலோ தலை கவிழும், குரல் ஒடுங்கும். 'அஞ்சாதே, உரத்துப் பேசு' என்று நூறு முறை கூறினும் அதன் அச்சம் அகல்வதில்லை.

அச்சம் அகல வேண்டுமாயின், அப் பிள்ளையின் குரல் முதலிற் பிற குரல்களினூடே ஒலித்துப் பழக வேண்டும். தனித்து நிற்கும் துணிவு கூட்டத்தில் நின்று பெறப்படுவது. இவ் வுண்மையைக் கிறித்தவ தேவாலயங்களின் பாடற்குழுக்கள் நெடுங்காலமாகச் செயலிற் காட்டி வருகின்றன. இவ் வாரம் அதனைக் குறித்துச் சிறிது சிந்திக்க விழைகின்றோம்.

முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராய் வாழும் இக் கரையிலே தேவாலயப் பாடலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். பெரியநீலாவணையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் ஒரே தெருவிலே பாங்கொலியும், கோயில் மணியும், தேவாலய மணியும் கேட்பது இக் கரையின் இயல்பு. 1814 ஆம் ஆண்டு மட்டக்களப்பிற் கால்வைத்த வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்தத் தொண்டர் அடுத்த ஆண்டே அம் மண்ணில் உயிர் நீத்தார். எனினும் அவர் இட்ட வித்து முளைத்துத் தழைத்தது. மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியும், கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலையும் அச் சபையாரின் கல்விப் பணியில் விளைந்தவை. கத்தோலிக்கர் நாட்டிய கார்மேல் பாத்திமா கல்லூரியும் கல்முனையின் அணிகலன்களுள் ஒன்று. காரைதீவிலே 1892 இற் பிறந்த மயில்வாகனன் என்னும் சிறுவன் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் இளமைக் கல்வி பயின்றே, பின்னாளில் விபுலாநந்த அடிகளாக மலர்ந்து, பழந்தமிழ் இசையின் புதைபொருளை 1947 இல் யாழ் நூலாக உலகிற்கு ஈந்தார். ஆதலின், அயலவரின் வழிபாட்டில் உள்ள ஒரு நற்பயிற்சியை அறிந்து போற்றுவது இக் கரைக்குப் புதிதன்று.

பாடற்குழுவிலே நிகழ்வதுதான் யாது? புதிதாகச் சேரும் பிள்ளையை எவரும் தனியே பாடச் சொல்வதில்லை. நன்கு பழகிய இருவருக்கு இடையில் அதனை நிறுத்துவர். வலப்புறத்துக் குரலும் இடப்புறத்துக் குரலும் வழி காட்ட, அப் பிள்ளை முதலில் முணுமுணுக்கும். பின்னர் மெல்லப் பாடும். பிழை நேர்ந்தால் அது பிறர் ஒலியில் மறைந்துவிடும். திருத்திக்கொள்ள அடுத்த அடி வந்துவிடும். பிழை செய்தும் நகைக்கப்படாமல் இருக்கும் இடம் ஒரு பிள்ளைக்கு எத்துணை அரியது என்பதைப் பெரியோராகிய நாம் பெரிதும் மறந்துவிடுகின்றோம்.

அடுத்தது மூச்சின் மருமம். ஒரு நீண்ட சுரத்தை இருபதின்மர் இசைக்கும்பொழுது எல்லாரும் ஒரே கணத்தில் மூச்சு வாங்கினால் ஒலி அறுந்துவிடும். ஆகவே ஒருவர் மூச்சு வாங்குமிடத்து மற்றையோர் பாடிக்கொண்டிருப்பர். அவர் மீண்டும் சேர்ந்ததும் வேறொருவர் மூச்சு வாங்குவர். கேட்போர்க்கு இடையறாத ஓர் ஒலியே கேட்கும். நான் இளைத்தபொழுது என் பாட்டைப் பிறர் தாங்குவர், அவர் இளைத்தபொழுது நான் தாங்குவேன் என்னும் பாடத்தை இதனிலும் தெளிவாகக் கற்பிக்கும் நூல் ஏது?

மூன்றாவது, வேண்டப்படுதல். மேலைநாட்டு முறையிலே சொப்ரானோ, அல்ட்டோ, தெனர், பாஸ் என நான்கு குரல்நிலைகள் வகுக்கப்படும். உச்சக் குரல் உடையோருக்கு மட்டுமன்றித் தாழ்ந்த குரலினர்க்கும் இடைக் குரலினர்க்கும் அங்கே தனித்தனி வேலை உண்டு. இடைக்குரல் பாடுவோர் இருவர் வாராத நாளிலே பாட்டில் ஒரு குழி விழும். 'நீ ஏன் சென்ற வாரம் வரவில்லை?' என்று பாடற்குழுத் தலைவர் கேட்கும் கேள்வி கடிந்துரை போற் கேட்பினும், அதன் உட்பொருள் 'நீ இல்லாமல் எங்களுக்கு ஆகாது' என்பதேயாம். உரிமையோடு ஓரிடத்தைச் சேர்ந்திருக்கின்றோம் என்னும் உணர்வு இத்தகைய கேள்விகளாற் பிறப்பது.

இவற்றைப் பழகியோர் பட்டறிவால் அறிந்தனர். அண்மைக்கால ஆய்வாளர் கருவிகொண்டு அளந்தனர். சுவீடன் நாட்டுக் கோதன்பேர்க் பல்கலைக்கழகத்தினர் 2013 இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, பதினெட்டு வயது மாணவர்களை ஒரே சுரத்தை முரலவும், ஒரு தேவாலயப் பாடலைப் பாடவும், ஒரு மந்திரத்தை மெல்ல இசைக்கவும் செய்து, அவர்தம் இதயத் துடிப்பைக் கணித்தனர். கூடிப் பாடுங்கால் அவர்களுடைய துடிப்புக்கள் ஒன்றோடொன்று இயைந்து விரைந்தும் தணிந்தும் சென்றன. பாட்டின் அடிகள் மூச்சை ஒழுங்குபடுத்துகின்றன. மூச்சின் ஒழுங்கு இதயத்தின் கதியை மாற்றுகின்றது. இதுவே அதன் காரணம். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 2015 இல் வெளியிட்ட பிறிதோர் ஆய்வு, முதியோர் கல்வி வகுப்புக்களில் ஏழு திங்கள் அளவும் நடந்தது. பாடல் வகுப்பிற் சேர்ந்தோர், கைப்பணி வகுப்பினரையும் எழுத்து வகுப்பினரையும் விட விரைவில் ஒருவரோடொருவர் நெருங்கினர். காலம் செல்லச் செல்ல ஏனையோரும் அந் நெருக்கத்தை எய்தினர் என்பதையும் மறைக்காது கூறவேண்டும். அறிமுகம் அற்றோரிடையே உள்ள முதற் பனிப்படலத்தை நீக்குதற்குப் பாட்டே விரைந்த வழி என்பது அதனாற் பெறப்படும்.

குழுவிற் பெற்ற துணிவு தனிமையிலும் உதவுமோ என்பார்க்கு மேரியன் அண்டர்சன் என்னும் அம்மையாரின் வாழ்க்கை விடையாகும். அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரிலே 1897 இற் பிறந்த அக் கறுப்பினச் சிறுமி, ஆறாம் வயதில் தம் தேவாலயத்தின் சிறுவர் பாடற்குழுவிற் சேர்ந்தார். எந்தக் குரல்நிலையினர் வாராவிடினும் அவ்விடத்தை நிரப்பும் வகையில் எல்லாப் பகுதிகளையும் கற்றார். தந்தையை இழந்து வறுமையுற்ற அவருடைய இசைக் கல்விக்காக அச் சபையோரே பணம் திரட்டினர். நிறம் காரணமாக ஓர் இசைக் கல்லூரியின் வாயில் அவருக்கு அடைபட்டது. புகழ் எய்திய பின்னரும், 1939 இல் வாஷிங்டன் நகரத்துப் பெருமண்டபம் ஒன்று அதே காரணத்தால் அவருக்கு மறுக்கப்பட்டது. அவ் வாண்டு உயிர்த்த ஞாயிறன்று, இலிங்கன் நினைவு மண்டபத்துப் படிகளில் நின்று, ஏறக்குறைய 75,000 மக்கள் முன்னே அவர் பாடினார். அன்று அவர் தனியே நின்று பாடினார் என்பர். அவர்க்குத் தேர்ந்த பயிற்சி அளிக்கக் காசு காசாகச் சேர்த்த ஏழை எளியோர் அனைவரும் அக் குரலின் பின்னே நின்றனர் என்பதே எம் கருத்து.

இனி, கூடிப் பாடும் பாட்டு எம் மொழியில் அமையவேண்டும் என்பதும் ஆராயத்தக்கது. 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயரும் அவர் வழிவந்தோரும் செர்மானியப் பாடல்களைத் தமிழாக்கி, அவற்றின் மெட்டிலேயே பாடுவித்தனர். அயல் மெட்டுக்கு இசையக் குறில் நீண்டும் நெடில் குறுகியும் ஒலிக்கும்பொழுது சொல் சிதையும்; பாடுவோர் தம் வீட்டிலேயே விருந்தாளி போல் உணர்வர். இக் குறையைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெரிதும் தீர்த்தார். கீர்த்தனை, குறவஞ்சி முதலிய தமிழ் வடிவங்களிலே அவர் யாத்த பாடல்களால், வழிபடுவோர் தம் நாவுக்குப் பழகிய சொல்லையும் செவிக்குப் பழகிய இராகத்தையும் தேவாலயத்துள்ளே கேட்டனர். அதே தஞ்சையில் வாழ்ந்த கிறித்தவராகிய ஆபிரகாம் பண்டிதர், இசை மாநாடுகள் கூட்டித் தமிழிசையை ஆராய்ந்து, 1917 இற் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். யாழ்ப்பாணத்தவரும் மெதடிஸ்தத் தலைவருமாகிய டி. தி. நைல்ஸ் (1908–1970), கிழக்காசியத் திருச்சபைகளுக்கென 1963 இல் வெளிவந்த பாடல் தொகுப்பின் பதிப்பாசிரியராய் நின்று, ஆசிய மக்களின் மெட்டுக்களை உலகறியச் செய்தார். அயலிலிருந்து வந்த பாட்டை இவ்வாறு தமதாக்கிக்கொண்ட பின்னரே அப் பாடற்குழுக்கள் தமிழ் மக்களின் உரிமைப் பொருளாயின.

ஆனால், கூடி இசைத்தல் தேவாலயத்தோடு தமிழர்க்கு வந்த வழக்கம் என்று எண்ணுதல் பிழையாகும். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையை நினைவுகூர்க. மதுரைப் புறஞ்சேரியிலே பிரையிட்ட பால் தோயவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏற்றின் கண்களில் நீர் சொரிந்தது. வரவிருக்கும் தீங்கை எண்ணி ஆயர்குலப் பெண்டிர் நடுங்கினர். அப்பொழுது மாதரி ஏழு கன்னியரை அழைத்துக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயரையே அவர்களுக்குச் சூட்டி வட்டமாக நிறுத்தினாள். ஒவ்வொருத்தியும் ஒரு சுரமாக, எழுவரும் சேர்ந்து ஓர் இசையாயினர். இதனினும் சிறந்த பாடற்குழுவை எந் நாட்டு இலக்கியம் காட்டும்? அக் குரவை வரவிருந்த துன்பத்தைத் தடுக்கவில்லை; கோவலன் கொலையுண்டான். பாட்டு ஊழை மாற்றும் என்று இளங்கோவடிகள் கூறவில்லை. அஞ்சுவோர் தனித்தனியே அஞ்சியிராது கைகோத்து நின்றனர் என்பதையே காட்டினார். கண்ணகி வழிபாடு ஆண்டுதோறும் வைகாசியிற் குளிர்த்தியோடு நிகழும் இக் கரையினர்க்கு அதனை விளக்கவும் வேண்டுமோ?

மட்டக்களப்பு நாட்டின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களிலும் களரியில் ஆடுவோன் ஓரடி பாட, அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதனை ஏந்திப் பாடுவர். ஆடி இளைத்த கூத்தனின் குரலைப் பிற்பாட்டுத் தாங்கும். முஸ்லிம் ஊர்களிலே கோலடித்து ஆடும் பொல்லடியும், றபான் தட்டிப் பாடும் பக்கீர் பைத்தும் வாழ்ந்து வந்த கலைகள். மௌலூது, றாத்திபு என்பன இறைவழிபாட்டைச் சார்ந்தவை. அவற்றைப் பாட்டு என்று கூறுதல் பொருந்தாது. ஓதல் என்பதே மரபு. எனினும், முதியோரின் அருகில் அமர்ந்த சிறுவன் அவர்தம் குரலோடு தன் குரலைச் சேர்த்து, சொல் தெரியாத இடத்தில் அடங்கியும் தெரிந்த இடத்தில் உயர்ந்தும் ஓதிப் பழகுங்கால், அவன் நெஞ்சிலும் அதே உறுதி பிறக்கின்றது. கொள்கை வேறு, வழிபாடு வேறு, ஒருவர் மற்றவருடையதை மேற்கொள்ள வேண்டுவதும் இல்லை. கூட்டத்தின் நடுவே குரல் வளரும் முறை மட்டும் எல்லார்க்கும் ஒன்றே.

இவ்வாறு புகழ்ந்துரைக்கும் நாம் அதன் குறைகளையும் சுட்டுதல் கடன். ஒரே பாடலைப் பாடிய மக்கள் சாதி காரணமாகத் தனித்தனி வரிசையில் அமர்ந்த காலம் தமிழ்நாட்டுத் தேவாலயங்கள் சிலவற்றில் இருந்தது. பாட்டு ஒன்றானதாலேயே நெஞ்சு ஒன்றாகிவிடாது என்பதற்கு அது சான்று. இன்னொரு கொடுமை இன்றும் பள்ளிகளில் நிகழ்கின்றது. விழாவுக்குப் பிள்ளைகளைப் பயிற்றுங்கால், சுருதி சேராத ஒரு பிள்ளையை நோக்கி, 'நீ பாடாதே, வாயை மட்டும் அசை' என்பர். பரிசு கருதிச் சொல்லப்படும் அச் சொல் அப் பிள்ளையின் வாழ்நாள் முழுதும் ஒலிக்கும். பின்னர் எத்துணை வயது வரினும் தான் பாடத் தகாதவன் என்றே அது நம்பும். பேசத் தகாதவன் என்றும் எண்ணத் தலைப்படும். சுருதி சேராமை பெரும்பாலும் பயிற்சிக் குறைவே. நல்ல குரல்கள் இரண்டின் இடையே நிறுத்திப் பொறுமையோடு பழக்கினால் அப் பிள்ளைகளிற் பலர் தேறுவர்.

நம் பள்ளிகளின் நிலையை நோக்குவோம். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர் தரம் என்னும் தேர்வுகளின் சுமையால், பிள்ளைகள் விடியலிலும் மாலையிலும் தனியார் வகுப்புக்களை நோக்கி ஓடுகின்றனர். அங்கே நூற்றுவர் கூடியிருப்பினும் குரல் ஒருவருடையதே. எழுதும் கை வளர்கின்றது. பேசும் நா வாடுகின்றது. தமிழ்மொழித் தினப் போட்டிகளிலே இசைக்கு இடம் உண்டெனினும், போட்டி என்ற அளவில் முன்னமே பாட வல்லவர்களே தெரிந்தெடுக்கப்படுகின்றனர். மருந்து வேண்டும் பிள்ளைக்கு அம் மருந்து எட்டுவதில்லை. பெண்பிள்ளைகளில் வாய் திறவாமையை அடக்கம் எனப் புகழ்ந்து, அவர்தம் கூச்சத்தை மேலும் வளர்ப்போரும் உளர்.

இக் கரையின் பிள்ளைகளுக்கு வாய் அடைபட்டதற்கு வேறு காரணங்களும் உண்டு. 2004 மார்கழி 26 ஆம் திகதி கடல் எழுந்து பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களைச் சூறையாடியது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. அன்றைய குழந்தைகள் இன்று பெற்றோராய் உள்ளனர். 2019 சித்திரை 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுத் தாக்குதலில், ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற சிறுவர் பலரும் மாண்டனர். ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதிலும் குண்டுகள் வெடித்தன. அங்கே ஐயத்திற்குரியோர் தங்கியிருந்ததை அதிகாரிகளுக்கு அறிவித்தோர் அவ்வூர் மக்களே என்பதை வரலாறு மறத்தல் ஆகாது. எனினும் அதன் பின்னர் ஒரு சாரார் அச்சத்தாலும், மறுசாரார் தாம் செய்யாத பழியைச் சுமந்த நாணத்தாலும் வாயடைத்து நின்றனர். ஒரே தமிழைப் பேசும் பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிகளிலே, ஒருவர் குரலை மற்றவர் கேளாமலே வளர்கின்றனர்.

அத் துயரின் பின்னும் தேவாலயங்களிற் பாட்டு ஓயவில்லை. துன்புற்றோர் கூடினர்; குரல் தழுதழுத்தோர் பாட இயலாது நின்றபொழுது அருகில் நின்றோர் பாடினர். மூச்சு வாங்குவோர்க்காகப் பிறர் பாட்டைத் தாங்கும் அப் பழக்கம் வாழ்க்கையின் கொடிய வேளையிலும் கைகொடுத்தது. சமயம் எதுவாயினும் மக்கள் இதனை ஊன்றி நோக்குதல் தகும்.

ஆதலின், பாடசாலை அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நாம் கூறவிரும்புவன சில. ஒவ்வொரு பாடசாலையிலும், போட்டியையும் பரிசையும் நோக்காத ஒரு பாடற்குழு அமைதல் வேண்டும். சேர விரும்பும் எப் பிள்ளையும் குரலைக் காரணங்காட்டி விலக்கப்படுதல் கூடாது. வாரத்திற்கு ஒரு பாடவேளை போதும். விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. ஓர் ஆர்மோனியமோ, சுருதிப்பெட்டியோ, அதுவும் இல்லாவிடின் கைத்தாளமோ அமையும். பாடல்கள் நல்ல தமிழில், இம் மண்ணின் மெட்டில் இருத்தல் நன்று. நெய்தற் பாட்டும், வயற் பாட்டும், தாலாட்டும், கூத்தின் பிற்பாட்டும் நம் முதியோர் நாவில் இன்னும் எஞ்சியுள்ளன. அவற்றைக் கேட்டெழுதிக் கற்பித்தல் இருபயன் தரும். இசை கூடாது என்று கருதும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, கருவியின்றிச் செய்யுளைக் கூடி ஓசையோடு ஓதும் பயிற்சி அளிக்கலாம். வெண்பாவையும் ஆசிரியத்தையும் சீர் பிரித்து இருபதின்மர் ஒருமிக்க ஓதினால், யாப்பும் மனத்திற் பதியும், நாவும் திருந்தும்.

மார்கழியில் நத்தார் வருங்கால் பாடசாலைகள் பலவற்றில் ஒளிவிழா நிகழும். கல்முனையைச் சூழ்ந்த பாடசாலைகள் அத்தகைய நாட்களிலே ஒன்றையொன்று அழைத்து, பொதுவான தமிழ்ப் பாடல் ஒன்றையேனும் சேர்ந்து பாடுமாறு செய்யலாம். வழிபாட்டுப் பாடல் அவரவர்க்கு உரியதாகவே இருக்கட்டும். கடலைப் பற்றியும், வயலைப் பற்றியும், தாயைப் பற்றியும் பாடுதற்கு எவர்க்கும் தடையில்லை. இடையில் நின்று பாடிய அயலூர்ப் பிள்ளையின் குரலைத் தன் காதருகே கேட்ட பிள்ளை, நாளை அவ்வூரைப் பற்றிச் சொல்லப்படும் பழிமொழியை எளிதில் நம்பமாட்டாது.

வகுப்பின் கடைசி வரிசையிலே தலை கவிழ்ந்திருக்கும் பிள்ளையை நாளை காலை நோக்குங்கள். அதனைத் தனியே எழுப்பி நிறுத்த வேண்டா. நல்ல குரலுடைய இருவர் நடுவே அதற்கு ஓரிடம் தாருங்கள். பாட்டு நடந்துகொண்டிருக்கட்டும்; தன் வேளை வந்ததும் அதுவும் சேர்ந்துகொள்ளும்.